ஊசி பயத்துக்கு எது கைகொடுக்கும்: மரத்துப்போகும் களிம்பா, தசையை இறுக்குவதா?

தைராய்டு தொந்தரவால் அடிக்கடி ரத்தம் கொடுக்க வேண்டிய ஆள் நான். ஊசியைக் கண்டாலே கண் இருட்டிக்கொண்டு வரும். இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டு, இப்போது தசை இறுக்கும் பயிற்சியோடு இருக்கிறேன்.

களிம்பு என்பது லிடோகெயின், பிரிலோகெயின் என்ற இரண்டு மரத்துப்போகும் மருந்துகள் தலா 2.5 சதவீதம் கலந்தது. குத்தப்போகும் இடத்தில் தடிமனாகத் தடவி, மேலே ஒட்டுப்போட்டு 1 மணி நேரம் விட்டால் தோல் மரத்துவிடும். வலி குறைவது உண்மை. ஆனால் மண்டபம், பாம்பன் பக்கத்து வெயிலில் வியர்த்து ஒட்டின் ஓரம் பிரிந்துவிடுகிறது. 'இந்தக் கையில் நரம்பு கிடைக்கல, அந்தக் கையைக் கொடுங்க' என்று சிஸ்டர் சொல்லிவிட்டால் காத்திருந்ததும் வீண். தசைக்குள் போடும் ஊசியென்றால் உள்ளே இறங்கும் வலி இருக்கத்தான் செய்யும்.

என்னை முடிவெடுக்க வைத்தது மயக்கம்தான். பொதுவாகப் பயந்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஊசி, ரத்தம் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் ஏறிவிட்டுச் சடாரென்று இறங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் சாய்ந்துவிடுவோம். தோலை மரக்கவைக்கும் களிம்பால் இதைத் தடுக்க முடியாது. தசையை இறுக்கினால் அழுத்தம் ஏறும். 1980களில் ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் இதை ஒரு சிகிச்சை முறையாகவே வகுத்தார்.

உட்கார்ந்து கை, வயிறு, கால் எல்லாவற்றையும் 10 முதல் 15 விநாடி இறுக்குங்கள். முகத்தில் சூடு தெரியும். அப்புறம் இயல்பு நிலைக்கு மட்டும் வாருங்கள், துவண்டுவிட வேண்டாம். 20, 30 விநாடி விட்டு மறுபடியும். இப்படி 5 முறை, தினமும் வீட்டில் பழகுங்கள். குத்தும்போது அந்தக் கையை மட்டும் தளர்த்திவிட்டு காலையும் வயிற்றையும் இறுக்க வேண்டும். 'உடம்பைத் தளர விடுங்க' என்ற யோசனை மற்றவர்களுக்குச் சரி. மயங்கி விழுகிறவர்களுக்கு அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடக்கூடும்.

நம் கரையில் ஊசி சொல்லிவிட்டு வருவதில்லை. திருக்கை முள் குத்தினால் டெட்டனஸ் ஊசி. நாய் கடித்தால் வெறிநோய்த் தடுப்பூசி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆம் நாட்கள். முதல் ஊசிக்குக் களிம்பு பூசிக் காத்திருக்க முடியுமா? இறுக்குவதற்கு ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை. எதைச் செய்தாலும், 'சிஸ்டர், எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டே இறுக்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் என் அனுபவம் அக்கா மகனோடு சரி. இறுக்கச் சொன்னால் அவனுக்குப் பிடிபடவில்லை, களிம்புதான் உதவியது. கைக்குழந்தைகளுக்கு மட்டும் அதை டாக்டர் சொல்லாமல் பூசாதீர்கள். பிரிலோகெயின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடக்கூடும்.