பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என் லேப்டாப்பில் இருப்பது ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத சிப். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்றார் தெருமுனைக் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இல், பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். காசு எதுவும் செலவாகவில்லை.

இதில் எனக்குப் பிடித்ததே, பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் நிறுவலாம் என்பதுதான். டச்பேட், ஒலி, கேமரா எல்லாம் உடனே வேலை செய்தன. வைஃபை மட்டும் முரண்டு பிடித்தது. போனை யூஎஸ்பி கேபிளில் செருகி இணையம் கொடுத்து, மின்டின் டிரைவர் மேனேஜரில் உரிய டிரைவரை (வைஃபையை இயக்கும் மென்பொருளை) ஏற்றியதும் சரியாகிவிட்டது.

வேகம்? நேர்மையாகச் சொன்னால், பாதிப் புண்ணியம் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுப் போட்ட, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குத்தான். பிரவுசரில் டேப்களை அடுக்கினால் 4 ஜிபி இப்போதும் திணறுகிறது. மின்ட் அதற்கு என்ன செய்யும், பாவம்!

தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகை அமைப்பு கிடைக்கிறது. எம்எஸ் ஆபீஸ் போன்ற லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது, ஆனால் அலுவலக வேர்டு கோப்புகளில் அட்டவணைகள் சில சமயம் இடம் மாறுகின்றன. மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.