திருகோணமலைக் கோட்டையா, யாழ் கோட்டையா?

இலங்கை போகிறேன், கடலோரக் கோட்டை ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, எதைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது திருகோணமலை. ஆனால் கொத்தளம், அகழி, மதில் என்று கோட்டையையே ஆற அமரச் சுற்றிப் பார்க்கத்தான் ஆசை என்றால் யாழ்ப்பாணம் போங்கள், திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டை உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

காரணம், அது இன்றும் இராணுவ முகாம். புள்ளிமான்கள் திரியும் சாலை வழியே நேராக மலை உச்சியில் இருக்கும் கோணேஸ்வரம் சிவன் கோயிலுக்கு ஏறலாம், மற்றபடி நினைத்த இடத்தில் நுழைய முடியாது. யாழில் அந்தத் தொல்லை இல்லை. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கோட்டையை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஐந்து முனை நட்சத்திரமாக எடுத்துக் கட்டினார்கள். மதில் மேல் நடந்தால் ஒரு பக்கம் முழுக்கக் கடல்நீரேரி. உள்ளே இருந்த 1706ஆம் ஆண்டு தேவாலயம் உள்நாட்டுப் போரில் இடிந்துபோனது. நிழலே கிடையாது, சாயங்காலம் போங்கள்.

சரி, பிறகு ஏன் திருகோணமலை? சம்பந்தர் பாடிய தலமான கோணேஸ்வரத்தின் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அந்தக் கற்களை வைத்தே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் இரட்டை மீன் செதுக்கிய கல் இப்போதும் இருக்கிறது, பக்கத்திலேயே குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டு. பலர் செருப்பு, பூத்தட்டு அவசரத்தில் கவனிக்காமலே உள்ளே போய்விடுகிறார்கள், தயவுசெய்து நின்று பாருங்கள். அப்புறம் மேலே ஏறி, இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுப் பக்கம் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடத்தில் நின்றால் எந்தக் கப்பல் வந்தாலும் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும் என்பது புரியும். பக்கத்திலேயே அவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகம் வேறு. 1782இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்ததை அதே வருஷம் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் பறித்துக்கொண்டது இதற்காகத்தான். தட்டையான நிலத்தில் நிற்கும் யாழ் கோட்டையில் கோட்டையை ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், இங்கே கண்ணாலேயே தெரிகிறது.

கோயிலுக்குள் போவதால் அதற்கேற்ற உடையில் போங்கள், காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறிய பிறகு வெறுங்காலில் கல்தரையில் நிற்க முடியாது.