மூன்று முறை ஃபார்மட் செய்தும் போகாத நீலத் திரை: மெம்டெஸ்ட்86 பிளஸ் பயன்படுத்திய அனுபவம்

வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், இப்படித்தான் வேலை வரும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எனக்கு அன்றைக்கு வருமானம் இல்லை. அது படுத்தது போன ஆவணியில், முகூர்த்தங்கள் வரிசை கட்டி நின்ற நேரத்தில்.

முதலில் வாரத்துக்கு ஒரு முறை நீலத் திரை, அதாவது விண்டோஸ் செயலிழக்கும்போது காட்டும் பிழைத் திரை, வந்தது. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசியில் வடிவமைப்பு மென்பொருளான கோரல் டிராவைத் திறந்து பிள்ளையாரைப் பத்திரிகையின் உச்சிக்கு நகர்த்துவதற்குள் வந்தது. சோக முகம், ஒரு கியூஆர் கட்டம், ஏறிக்கொண்டே போகும் சதவீதம், பிறகு தானாக ரீஸ்டார்ட். ஹாலிலிருந்து அத்தை, "மறுபடியும் நீலம் வந்துருச்சாம்மா?" என்று கேட்பார். கேட்கும் தொனியில் ஏதோ நான்தான் வரவழைத்த மாதிரி இருக்கும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஃபார்மட் செய்து தந்தார்கள், 500 ரூபாய். நான்கு நாளில் மறுபடி நீலம். மீண்டும் ஃபார்மட். மூன்றாவது முறை ஃபார்மட்டோடு கொஞ்சம் அறிவுரையும் கிடைத்தது: வெயில் அதிகம், உங்கள் வீட்டில் வோல்டேஜ் சரியில்லை. நான்காவது முறை போனபோது, "மதர்போர்டு போயிடுச்சுக்கா, மாத்திடலாம்" என்று 9,000 ரூபாய்க்கு ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார் அந்தத் தம்பி. நல்ல பையன்தான். எதையும் சோதித்துப் பார்க்காமல் சொன்னார் என்பதுதான் என் வருத்தம்.

ஃபார்மட்டில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. நீலத் திரை வரும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் தன் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற இடத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைக்கும். சி டிரைவை அழித்தால் அந்தக் குறிப்புகளும் போய்விடும். நான் 500 ரூபாய் கொடுத்துத் தடயத்தை அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் மூன்று முறை.

அதன் பிறகு ஒரு பழைய டைரியில் நானே குறித்துவைக்க ஆரம்பித்தேன். தேதி, நேரம், திரையில் வந்த ஸ்டாப் கோட், அதாவது பிழையின் பெயர். ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்'. மறுநாள் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. அதற்கடுத்து 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா'. மினிடம்ப்களைப் படித்துக் காட்டும் 'புளூஸ்கிரீன்வியூ' என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தால், ஒருமுறை கிராபிக்ஸ் கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கைகாட்டியது, இன்னொரு முறை நெட்வொர்க் டிரைவரை, மற்றொரு முறை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையே. ஒரே டிரைவர் திரும்பத் திரும்ப மாட்டினால் அதை மாற்றிப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு நாள் மாட்டுகிறார்கள் என்றால் அவர்களுக்கு அடியில் இருக்கும் எதுவோ சரியில்லை. இதற்கிடையில் ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய ஜிப் கோப்பைப் பிரித்தால், கோப்பு சிதைந்திருக்கிறது என்று சொல்லும் சிஆர்சி பிழை வந்தது. இரண்டாம் முறை பிரித்தால் ஒன்றும் இல்லை. அப்போதுதான் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ரேம் மேல் சந்தேகம் வந்தது.

விண்டோஸிலேயே ஒரு மெமரி சோதனை இருக்கிறது. ஓடவிட்டேன். பிரச்சினை எதுவும் இல்லை என்றது. அன்று மாலையே நீலத் திரை.

சரி, இனி ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 பிளஸ். பெயரில் ஒரு குழப்பம் உண்டு, தரவிறக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். மெம்டெஸ்ட்86 என்பதை 1994ல் கிறிஸ் பிரேடி என்பவர் உருவாக்கினார். அது 2013 முதல் பாஸ்மார்க் நிறுவனத்திடம் இருக்கிறது. இலவசப் பதிப்பும் உண்டு, காசு கொடுத்து வாங்கும் பதிப்பும் உண்டு. 'பிளஸ்' ஒட்டிய இது அதிலிருந்து 2004ல் பிரிந்த கிளை, முழுக்க இலவசம், திறந்த மூலம். நடுவில் பல வருடம் தூங்கிவிட்டு, 2022ல் வந்த 6ஆம் பதிப்பில் யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) உள்ள புது கம்ப்யூட்டர்களிலும் ஓடும்படி திருத்தி எழுதப்பட்டது. கோப்பு சில எம்பிதான். பழைய பென் டிரைவ் ஒன்றில் ஏற்றினேன். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், மகனின் காதுகுத்துப் படங்கள் இருக்கும் பென் டிரைவை எடுத்துவிடாதீர்கள்.

கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புகள் இருக்கும் பயாஸில், அங்கீகரிக்கப்படாத மென்பொருளைத் தொடங்கவிடாத செக்யூர் பூட்டை அணைத்த பிறகுதான் எனக்கு ஓடியது. டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கும் லேப்டாப்பில் இப்படிக் கைவைத்தால் ரெக்கவரி கீ கேட்கக்கூடும், அதை முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பென் டிரைவிலிருந்து பூட் ஆனதும் அதுவாகவே தொடங்கிவிடுகிறது. மவுஸ் கிடையாது, படம் கிடையாது, நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. எட்டிப் பார்த்த அத்தை, "இதுவும் நீலம்தானே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அது செய்யும் வேலை எளிது. ரேமின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணை எழுதும், திரும்பப் படிக்கும், இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். கடன் கொடுத்த பணத்தைத் திரும்ப எண்ணிப் பார்க்கிற மாதிரி. அதையே பல தினுசில் செய்யும். என் 16 ஜிபிக்கு ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதல் சுற்று சுத்தம். விண்டோஸ் சொன்னதுதான் சரியோ என்று படுக்கப் போய்விட்டேன். காலையில் காபியோடு வந்து பார்த்தால் திரையில் வரிசையாகச் சிவப்பு வரிகள். எழுதியது ஒரு பத்தி, படித்தது ஒரு பத்தி. எஃப், எஃப், எஃப் என்று ஓட வேண்டிய வரிசையில் ஒரே ஒரு இடத்தில் 'பி'. எல்லா வரியிலும் அதே இடத்தில். பல்லாயிரம் கோடி பிட்டுகளில் ஒரு மூலையில் ஒன்றிரண்டு ஒழுங்காக நிற்கவில்லை, அதற்குத்தான் இத்தனை கூத்து. விண்டோஸ் அந்த மூலையில் எதை வைக்கிறதோ அன்றைக்கு அது மாட்டிக்கொள்கிறது.

இந்த மென்பொருள் இங்கே கைவிட்டுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தது 8 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு. எது கெட்டது என்று அது பெயர் சொல்லவில்லை. முதலில் பயாஸில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், சிவப்பு அப்படியே. பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரும்பு கேபினட்டைத் தொட்டுவிட்டு, ஒரு ஸ்டிக்கைக் கழற்றினேன். மகனின் ரப்பரால் தங்க நிறக் கால்களைத் துடைத்தேன். அதற்கும் மசியவில்லை. ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிச் சோதிக்க மூன்று ராத்திரி போயிற்று. ஒரு ஸ்டிக் எங்கே போட்டாலும் சிவப்பு, மற்றது எங்கே போட்டாலும் சுத்தம். ஆக மதர்போர்டின் மேல் பழி இல்லை.

ஸ்டிக்குக்கு வாரண்டி இருந்தது, மாற்றிக் கொடுத்தார்கள். அது வருவதற்குள் 8 ஜிபியிலேயே 11 பத்திரிகை முடித்தேன். கோரல் கொஞ்சம் மூச்சு வாங்கியது, விழவில்லை.

குறைகள் என்றால்: எல்லாம் ஆங்கிலத்தில், விளக்கம் என்று ஒரு வரி இல்லை. ராத்திரி முழுக்க ஓடவேண்டும், எங்கள் ஊர் கரண்டுக்கு யுபிஎஸ் இல்லாமல் இது நடக்காது. சுத்தம் என்று வந்தால் ரேமை மட்டும்தான் நம்பலாம். எஸ்எஸ்டி, பவர் சப்ளை, டிரைவர் எதைப் பற்றியும் இது வாய் திறக்காது. ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துவதும் வீண், என் கதை தெரிந்ததுதானே. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மார்க் அந்த மூன்று ராத்திரிக்காகக் கழித்தது.

2025ல் விண்டோஸ் 11ன் நீலத் திரையை மைக்ரோசாஃப்ட் கறுப்பாக மாற்றிவிட்டதாம். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. கடைத் தம்பியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூடிரைவரைச் சுழற்றிக்கொண்டிருந்தவர், "அந்தப் பென் டிரைவ் கொண்டு வாங்கக்கா, ஒரு காப்பி எடுத்துக்கறேன்" என்றார்.