புல்ஸ் ஐ-யா, பிங் ஆன்சரா?
மச்சான் துபாய்ல இருந்து கீழக்கரைக்கு வர்றப்ப பழைய கோல்ஃப் பட்டர் (பந்த குழிக்குள்ள உருட்டி விடுற மட்டை) ரெண்டு கொண்டாந்தாரு, ஒண்ணு புல்ஸ் ஐ, இன்னொண்ணு பிங் கம்பெனியோட ஆன்சர். புல்ஸ் ஐ மெல்லிசான பித்தளை பிளேடு, பாக்க அழகு, ஆனா பந்து நடுவுல படாம ஓரத்துல பட்டா தலை திரும்பிக்கும். ஆன்சர் 1966ல கார்ஸ்டன் சோல்ஹைம் போட்ட டிசைன், முதல்ல ஒரு இசைத்தட்டு உறை மேலதான் வரைஞ்சாரு, மட்டையில Answer-னு எழுத இடம் பத்தலன்னு ஸ்பெல்லிங்ல டபிள்யூவ எடுக்கச் சொன்னது அவரு சம்சாரம் லூயிஸ். எடைய நடுவுல குறைச்சு ரெண்டு ஓரத்துக்கும் தள்ளிட்டாரு, மீன்கூடை தொங்குற காவடிக் கம்பு மாதிரி, அதான் தப்பா பட்டாலும் அவ்வளவா திரும்பாது. கடல் வத்துன நேரம் இறுகுன ஈரமணல்ல சிரட்டைய பொதைச்சு அடிச்சுப் பாத்தோம், எனக்கு ஆன்சர்ல பத்துக்கு ஆறு, புல்ஸ் ஐல ரெண்டே ரெண்டு. உப்புக்காத்துல புல்ஸ் ஐல களிம்பு வேற ஏறிருச்சு, லாத்தா புளி போட்டு தேச்சுக் குடுத்துச்சு. மச்சான் இன்னும் புல்ஸ் ஐதான்ங்குறாரு, ஏன்னு கேட்டா "சத்தம் கேளு"ங்குறாரு.