டாக் டே ஆஃப்டர்நூன்: கொள்ளையடிக்கத் தெரியாதவர்களின் படம்

மியான்மரின் யாங்கோனில் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் லேப்டாப்பில் இருக்கும் சார்ஜை நம்பி நானும் அப்பாவும் இரண்டு ராத்திரியாகப் பார்த்து முடித்த படம் இது. 1975இல் வந்தது, இயக்கம் சிட்னி லூமெட். பழசு என்று தள்ளிவிடாதீர்கள்.

1972 ஆகஸ்டில் நியூயார்க் புரூக்ளினில் நிஜமாகவே நடந்த வங்கிக் கொள்ளைதான் கதை. மூன்று பேர் உள்ளே வருகிறார்கள், ஒருத்தன் சில நிமிஷத்திலேயே என்னால் முடியாது என்று கிளம்பிவிடுகிறான். காரை எடுத்துப் போகாதே என்று, கொள்ளைக்குத் தலைமை தாங்குபவனாக வரும் அல் பசினோ சொல்ல, அப்புறம் நான் எப்படி வீட்டுக்குப் போவேன் என்று கேட்கிறான் பாருங்கள், எனக்கு அங்கேயே படம் பிடித்துவிட்டது. பூப்பெட்டிக்குள் ஒளித்து வைத்த துப்பாக்கியை வெளியே எடுப்பதற்குள் ரிப்பன் சிக்கிக்கொள்கிறது. சரி, பெட்டகத்தையாவது திறந்தார்களா என்றால், பணத்தை வங்கியே முன்பே வெளியே அனுப்பிவிட்டது, மிச்சம் 1,100 டாலர்!

அந்த இடத்தில் அப்பா நிறுத்தச் சொன்னார். 1987 செப்டம்பரில் எங்கள் நாட்டின் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனபோது, அப்பத்தா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டு 75 கியாட் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். பசினோவின் முகம் அச்சு அசல் அப்படியே இருக்கிறது என்றார்.

கூட்டாளி சாலாக வரும் ஜான் கஸால் மனசை விட்டுப் போகவே இல்லை. துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டே, சிகரெட் பிடிக்காதே, புற்றுநோய் வரும் என்று பிணையாக இருக்கும் பெண்ணிடம் சொல்கிறான், அதுவும் உண்மையான அக்கறையோடு. வெளியே போக வாய்ப்புக் கிடைத்தும், உள்ளே இருக்கும், தன்னோடு வேலை பார்க்கும் பெண்களை விட்டுப் போக மனசில்லாமல் திரும்பி வரும் தலைமைக் காசாளர் அம்மாவும் அப்படித்தான். ஆரம்பத்தில் வரும் ஒரு பாட்டைத் தவிர பின்னணி இசையே கிடையாது, வேர்வையும் டெலிபோன் மணியும் தெருவில் கூடிய கூட்டத்தின் இரைச்சலும் மட்டும்தான்.

எதற்காக இந்தக் கொள்ளை என்பது பாதிப் படத்துக்கு மேல்தான் தெரியும், அதை நான் சொல்லமாட்டேன். அதற்கப்புறம் வரும் நீளமான டெலிபோன் பேச்சு சிலருக்கு இழுவையாகப்படலாம், எனக்கோ படத்தின் உயிரே அதுதான்.

நான் பார்த்த பிரதியில் தமிழ் சப்டைட்டில் இல்லை, அப்பாவுக்கு நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். விமான நிலையத்துக்குப் போகும் கடைசிக் காட்சியில், சொல்லாதே என்று கையைக் காட்டிவிட்டார்.