நெல்லையில் மூக்குக் குத்தினால்: குத்திய பிறகு எங்கே போவது, என்ன செய்வது

நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவை ஒட்டி ஊருக்கு வரும், வெளிநாட்டில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், பெண் பிள்ளைகளுக்கு மூக்குக் குத்துவதும் பயணத்தில் ஒரு வேலையாகச் சேர்ந்துவிடுகிறது. ஆச்சி பக்கத்தில் இருப்பாள், டவுன் ரத வீதிகளில் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. மெல்பர்னிலிருந்து போன கையோடு நாங்களும் என் மகளுக்குக் குத்தினோம். குத்திவிட ஆள் உடனே கிடைத்தது. அந்தப் புண்ணை எப்படி ஆற்றுவது என்று சரியாகச் சொல்கிற ஆளைத்தான் தேடி அலைய வேண்டியிருந்தது. அடுத்து போகிறவர்கள் அலையக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

குத்தியது ஒரு பெரிய நகைக்கடையில். துப்பாக்கி மாதிரியான கருவியில் மூக்குத்தியை வைத்து ஒரே அழுத்து, முடிந்தது. "தினமும் நல்லா திருகி விடுங்க, மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைச்சுப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச நாளிலேயே மூக்குச் சிவந்தது. மூக்குத்தியின் தண்டு நீளம் குறைவாக இருந்ததால் வீக்கத்துக்கு இடமில்லாமல் பின்பக்கத் திருகு சதையில் அமுங்கிவிட்டது. ஓட்டையை ஒட்டிக் கடுகளவு சதைமொட்டு ஒன்றும் எழும்பியது.

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "பொன்னு ஒத்துக்கலளா, கழட்டிப் போட்டுரு" என்றாள் மதினி. ஓட்டையில் செருக ஆச்சி வேப்பங்குச்சியைச் சீவிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாங்கள் போனது ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. 1965-இல் தொடங்கிய கல்லூரி, தென் மாவட்டத்து ஜனங்களுக்குப் பெரிய ஆதரவு. புறநோயாளிச் சீட்டுக்குக் காசு கிடையாது. காலையிலேயே போய்விட வேண்டும், கூட்டம் இருக்கும், தோல் நோய்ப் பிரிவு எந்தப் பக்கம் என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்க வேண்டும். ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா அவசரப்படவே இல்லை. டார்ச் அடித்து மூக்கின் உள்பக்கத்தையும் பார்த்தார். "இது சீழ் இல்லம்மா. புண்ணுல ஊறுற நீர் காய்ஞ்சு பொருக்காகி ஒட்டியிருக்கு. திருகும்போதெல்லாம் அந்தப் பொருக்கு உள்ளே போய்ப் புண்ணைக் கீறுது" என்றார். திருகுவதை நிறுத்தினாலே பாதி சரியாகும் என்பது அவர் முதலில் சொன்னது.

பயந்து போகிறவர்களுக்காக அவர் பிரித்துச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். குத்திய சில வாரங்களில் ஓட்டையை ஒட்டி எழும்பும் சின்ன மொட்டு பெரும்பாலும் உரசலாலும் அழுத்தத்தாலும் வருவது. காரணத்தை எடுத்துவிட்டால் தானே அடங்கும். கீலாய்டு என்பது வேறு. அது பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வளரும், புண்ணின் எல்லையைத் தாண்டிப் பரவும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு அதிகம். கிருமித் தொற்று என்றால் சூடு, விண்விண்ணென்று தெறிக்கும் வலி, பச்சையோ மஞ்சளோ கெட்டியான சீழ், சிலருக்குக் காய்ச்சல். அப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அவர் சொல்லாமல் மூக்குத்தியைக் கழற்றவும் கூடாது, ஓட்டை மூடிச் சீழ் உள்ளேயே தங்கிவிடலாம். மூக்கின் மேல்பக்கம், குருத்தெலும்பு வழியாகக் குத்தியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே தொற்று பிடித்தால் மூக்கின் வடிவமே கெட வழியுண்டு.

மருந்து என்று பார்த்தால் 0.9 சதவீத உப்புநீர், அதாவது நார்மல் சலைன், அவ்வளவுதான். வண்ணார்பேட்டை மெடிக்கலில் கேட்டபோது, "யாருக்கும்மா ட்ரிப்ஸ் ஏத்தணும்?" என்றார் அண்ணாச்சி. விஷயத்தைச் சொன்னதும் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளை எடுத்துக் கொடுத்தார். அதுதான் நல்லது. பெரிய பாட்டிலைத் திறந்தால் கெடாமல் இருக்க அதில் எதுவும் சேர்த்திருக்காது, நாள்கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது.

காலையும் இரவும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காஸ் துணியைச் சலைனில் நனைத்து மூக்கின் மேல் சிறிது நேரம் வைத்திருப்போம். பொருக்கு இளகி, மஞ்சள் வெல்லப்பாகு மாதிரி துணியோடு வந்துவிடும். வராததை நகத்தால் நோண்டுவதில்லை. பஞ்சும் வேண்டாம், அதன் இழை தண்டில் சுற்றிக்கொள்ளும். டர்க்கி டவலும் அப்படித்தான். பழைய வேட்டித் துணியைத் துவைத்துக் கொடுத்தாள் ஆச்சி, முகம் ஒற்ற அதைவிட நல்லது இல்லை. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புதிதாக வளரும் தோலையும் சேர்த்து எரித்துவிடும். மஞ்சளும் எண்ணெயும் நம் வீடுகளில் மரியாதை உள்ள பொருள்கள்தான், ஆனாலும் திறந்த புண்ணில் அவை அப்பிக்கொண்டு அழுக்கைப் பிடித்து வைக்கின்றன. ஆச்சியிடம் இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

நீளம் போதாத அந்த மூக்குத்தியை மாற்றும் வேலை மட்டும் பாக்கி. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, டவுனில் பரம்பரையாகக் குத்தும் ஒரு வயதான ஆசாரியிடம் போனோம். முன்கூட்டியே சொல்லி, நீளத் தண்டில் ஒற்றைக்கல் செய்து வாங்கினோம். கொதிநீரில் போட்டு எடுத்து, கையை நன்றாகக் கழுவி, பழையது வெளியே வந்த மறுநொடி புதியதை உள்ளே செலுத்தினார். புது ஓட்டை அவ்வளவு சீக்கிரம் சுருங்கிவிடும். பிள்ளை முகம் சுளிக்கக்கூட இல்லை. அந்தக் கைப்பக்குவத்தை எந்தக் கருவியும் தராது என்று உறுதியாகச் சொல்வேன். துப்பாக்கியில் பிளாஸ்டிக் பாகங்கள் இருப்பதால் பெரும்பாலானவற்றை ஆட்டோகிளேவில், அதாவது கிருமி கொல்லும் நீராவிக் கருவியில், வைத்துச் சுத்திகரிக்க முடியாது, மழுங்கிய முனை சதையை நசுக்கிக்கொண்டுதான் போகும். அதற்காக ஆசாரியிடமும் கேட்காமல் விடாதீர்கள். புது ஊசியா என்று கேளுங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஊசி வழியாகப் பரவுபவை.

பொன்னைப் பற்றியும் கேளுங்கள். 22 காரட்டில் 91.6 சதவீதம்தான் தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, மூக்குத்தி பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும். ஆகவே முத்திரையை நம்பிப் பயனில்லை, கடையைத்தான் நம்ப வேண்டும். நிக்கல் கலந்த கவரிங் மூக்குத்தியைப் புதுப் புண்ணில் போடவே கூடாது.

எங்களுக்கு மனசு கேட்காமல் போனது குற்றாலத்தில்தான். சாரல் நல்ல கட்டம், அருவியில் தண்ணீர் கொட்டுகிறது. ஆறாத மூக்கோடு அருவியிலோ குறுக்குத்துறைத் தாமிரபரணியிலோ முகத்தை முக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மகளைக் கால் நனைக்க மட்டும் விட்டோம். பிள்ளைக்கு அருவிக்குளியல் ஆசை இருந்தால், குத்துவதைப் பயணத்தின் கடைசி நாள்களுக்குத் தள்ளி வையுங்கள்.

சில வாரங்களில் மொட்டு அமுங்கிவிட்டது. மேலே காய்ந்தாலும் உள்ளே முழுதாக ஆற 4 முதல் 6 மாதம் வரை ஆகும் என்பதால், ஆச்சி கொடுத்த எட்டுக்கல் பேசரி மூக்குத்தி இப்போதைக்குப் பெட்டியில்தான்.

தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேர் சுற்றும் நான்கு ரத வீதிகளுக்குள்ளும் வண்டி போகாது. ஆசாரியைப் பார்க்கப் போகிறவர்கள் அதற்கு முன்போ பின்போ போங்கள்.