கொழுந்தா, கேரட்டா, வாரமா, காடா: ஒன்றரை ஏக்கர் தேயிலையை எப்போது விடுவது?

கோத்தகிரிக்குக் கீழே சரிவில் இருக்கும் எங்கள் ஒன்றரை ஏக்கர் தேயிலையை என்ன செய்வது என்று வீட்டில் மூன்று வருடமாகப் பேச்சு. அம்மாவுக்கு 67 வயது. அண்ணன் ஊரிலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், மாதம் இரண்டு தடவை மேலே போவேன். போன தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பல்லாயிரம் வீடுகளில் இதே பேச்சுதான் ஓடுகிறது என்பதால், நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

இந்த நிலம் எங்களுக்கு என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர் தாத்தா. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் அரசு இங்கே தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவருக்கும், பிறகு அப்பாவுக்கும் வேலை கிடைத்தது. மூன்று தலைமுறை அடுத்தவர் தோட்டத்தில் கொழுந்து எடுத்த குடும்பம். சீட்டுப் பணம், அம்மாவின் தாலிக்கொடி, ஒரு மாட்டை விற்ற காசு எல்லாம் சேர்த்து அப்பா வாங்கிய இடம் இது. "இது நம்ம மலை" என்று அவர் சொன்ன முதல் ஒன்றரை ஏக்கர். ஆகவே இதை விடுவதா வேண்டாமா என்ற கேள்வி வரவுசெலவில் மட்டும் முடிகிற விஷயம் இல்லை. ஆனால் வரவுசெலவைப் பார்க்காமல் தள்ளிப்போடவும் முடியாது.

அப்படியே தொடர்வது

முதல் வழி, இன்று நடப்பதையே நடத்துவது. அம்மா இலை எடுக்கிறார், ஏஜென்ட் வண்டி வந்து எடை போட்டுக்கொண்டு போகிறது, மாதக் கடைசியில் பணம்.

தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதில் விவசாயிக்கு 65 பங்கு, பாக்டரிக்கு 35 பங்கு என்பது கணக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அதனால் ஏலத்தில் தூள் விலை பத்து ரூபாய் இறங்கினால் இங்கே இலை விலை ஒன்றரை ரூபாய் இறங்கும். கேட்க ஒன்றரை ரூபாய்தான். எங்கள் நோட்டில் அது ஒரு மூட்டை உரம்.

2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பக்கத்து விவசாயிகள் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தத் தொகை வாய்க்கு வந்ததில்லை. உற்பத்திச் செலவும் அதன் மேல் பாதியும் சேர்த்துக் கேட்ட தொகை. கைக்கு வந்துகொண்டிருந்ததோ அதில் பாதி அளவுதான்.

எங்கள் சரிவில் ஒருவர் நாள் முழுக்கக் கையால் எடுத்தால் 25 கிலோ. கிலோ 16 ரூபாய் என்றால் 400 ரூபாய். எங்கள் பக்கம் 400 ரூபாய்க்குக் குறைந்து இலை எடுக்க ஆள் வருவதில்லை. உரம், மருந்து, களை, நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை செடியைத் தாழ வெட்டிவிடும் கவாத்து எல்லாம் அதற்கு மேல். கத்தரி வைத்து வெட்டினால் எடை இரண்டு மடங்கு வரும். ஆனால் முற்றிய இலையும் காம்பும் கலந்துவிடும், பாக்டரியில் எடையைக் கழித்துக்கொள்வார்கள், செடியும் நாளடைவில் மொட்டையாகும்.

அப்படியானால் வருடக் கடைசியில் நோட்டில் கொஞ்சம் மிச்சம் நிற்கிறதே, அது எங்கிருந்து வந்தது? இதைத்தான் அன்று அண்ணன் கேட்டார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மாவுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. அந்த மிச்சம் முழுக்க அம்மாவின் கூலி. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அவர் சரிவில் ஏறி இறங்கிய நாட்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர்தான் லாபம். சிறு தோட்டம் வைத்திருக்கும் எல்லோரும் வேறு எதற்கு முன்னும் இந்தக் கணக்கைப் போட வேண்டும். வீட்டு ஆளின் உழைப்புக்கு ஊர்க் கூலியை எழுதிக் கழித்த பிறகு எதுவும் மிஞ்சுகிறதா? எங்களுக்கு மிஞ்சவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விலை ஏறி இறங்கும். 1998 வாக்கில் இலைக்கு நல்ல விலை இருந்தது, பலர் அப்போதுதான் கான்கிரீட் வீடு கட்டினார்கள். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் கிலோ ஐந்து ரூபாய்ப் பக்கம் விழுந்தது. அப்போது பிடுங்கிப் போட்டவர்கள் பின்னால் வருந்தியதையும் பார்த்திருக்கிறோம். விலை மட்டும்தான் குறை என்றால் பொறுத்துப் பார்க்கலாம், விலை திரும்பி வரும். செடிக்கு அறுபது வயதாகி, மேல் பாத்தியில் நாலுக்கு ஒன்று பட்டுப்போய் வெற்றிடமாகி, எடுக்கிற ஆளுக்கும் கால் போய்விட்டது என்றால், அது விலை ஏறினாலும் திரும்பாத குறை. எங்கள் கீழ்ப் பாத்தியில் இருப்பது முதல் வகைக் குறை. மேல் பாத்தியில் இருப்பது இரண்டாவது வகை. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆனது.

பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவது

முறையாகச் செய்தால் இது நல்ல வழி. பழைய செடியை வேரோடு எடுத்து, ஒன்றரை இரண்டு வருடம் குவாட்டிமாலா புல் போட்டு மண்ணைத் தேற்றி, தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் ஆராய்ச்சி நிலைய ரகம் எதையாவது, வறட்சி தாங்கும் உபாசி-9 போல, நட வேண்டும். இரட்டை வரிசை என்றால் ஏக்கருக்கு ஐயாயிரத்துக்கும் மேல் நாற்று. நட்டு மூன்றாவது வருடத்திலிருந்துதான் சொல்லிக்கொள்கிற மாதிரி இலை. அதாவது, இன்று தொடங்கினால் அம்மாவுக்கு 72 வயதில் முதல் நல்ல மகசூல். முப்பது வயதில் ஊரோடு இருக்கும் பிள்ளை உள்ள வீடு தாராளமாக இதில் இறங்கலாம். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

கேரட், பீட்ரூட்

அண்ணனுக்கு முதலில் இதில்தான் ஆசை. கேரட் மூன்றரை மாதத்தில் கைக்கு வரும், மேட்டுப்பாளையம் மண்டியில் விலை இருந்தால் ஒரே போகத்தில் தேயிலையின் இரண்டு வருடப் பணம். விலை இல்லாவிட்டால் தோண்டுகிற கூலிகூடத் தேறாது. இதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட முடியாது. கேத்தி பள்ளத்தாக்கில் இதை நன்றாகச் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களுடைய நிலம் சமம், தண்ணீர் பக்கத்தில்.

எங்களுடையது சரிவு. தேயிலைச் செடியின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு வருடத்துக்கு இரண்டு தடவை மண்ணைக் கிளறினால், ஐப்பசி மழையில் மேல்மண் முழுக்க ஓடைக்குப் போகும். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததைப் பார்த்த மாவட்டம் இது. எங்கள் நிலத்துக்குக் கீழே ஆறு வீடுகள் இருக்கின்றன. என் வருமானத்துக்காக அந்த ஆறு வீட்டுக்காரர்களின் தூக்கத்தைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. காட்டெருமை, பன்றி, முள்ளம்பன்றித் தொல்லை வேறு. தேயிலையை அவை தின்பதில்லை. கேரட்டை விட்டு வைக்காது.

மலை இதற்கு முன் விட்டவை

அண்ணன் கேட்டார்: "தேயிலையை விட்டா மலையில வேற என்னடா இருக்கு?" தேயிலைக்கு முன்பு இங்கே உருளைக்கிழங்கு இருந்தது. 1961இல் நீலகிரி மண்ணில், கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் முட்டைக்கூடு மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும், மருந்தடித்தாலும் முற்றாகப் போகாது. இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. ஊட்டிப் பக்கம் முத்தோரையில் இருக்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தைக் கொடுப்பதற்குள் நிறைய குடும்பங்கள் கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறிவிட்டன. அவர்கள் தோற்றுவிட்டார்கள் என்று இன்று யாரும் சொல்வதில்லை. அதற்கும் முன்னால் நடுவட்டத்தில் மலேரியா மருந்துக்காக சின்கோனா வளர்த்தார்கள். செயற்கை மருந்து வந்ததும் அதுவும் போனது.

விடாமல் பிடித்துக்கொண்டதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. ஊட்டி இந்து நகரில் 1960இல் தொடங்கிய பிலிம் தொழிற்சாலை. 1990களிலேயே நலிந்த நிறுவனம் என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. நலிந்தது என்று அறிவித்த பிறகும் இருபது வருடம், இன்று தேறும் நாளை தேறும் என்று நீண்டது. அங்கே வேலை பார்த்தவர்களின் நல்ல வயதுதான் அந்தக் காத்திருப்பில் கரைந்தது. கட்டிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதில் போட்ட முதலீடு எனக்கு நினைவுக்கு வருவதில்லை, அந்த மனிதர்களின் வயதுதான் வருகிறது.

2022இல் தமிழக அரசே தன் தேயிலைத் தோட்டக் கழகத்தின் சுமார் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க ஆணை போட்டது. தாத்தா நின்ற மலைகள். நிலம் காடாவது நல்லதுதான் என்று நான் சொன்னேன். "அது சரி தம்பி, அங்க இருந்த சனம் மறுநா காலைல எங்க போகும்?" என்றார் அம்மா. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் புரிந்தது, அவர் தன்னையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார்.

வாரத்துக்கு விடுவது, விற்பது, கைத்தேயிலை

விற்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரோட்டோரமாக இருந்தால் விடுதி கட்ட ஆள் வரும், எங்களுடையது உள்ளே இருப்பதால் வருகிற விலை மனதுக்கு ஒப்பவில்லை. கட்டிட அனுமதி கெடுபிடியும் உண்டு. அம்மா இருக்கும்வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று அண்ணனும் நானும் முடிவு செய்துவிட்டோம். கையால் உருட்டும் கிரீன் டீ, வெள்ளைத் தேயிலை செய்து நேரடியாக விற்பவர்கள் நல்ல விலை பார்க்கிறார்கள். அதற்கு வாங்குகிற ஆளைத் தேடிப் பிடிக்கிற வேலை பாதி, எங்கள் மூவரில் யாருக்கும் அது வராது.

வாரம், அதாவது விளைச்சலில் பங்குக்கு விடுவது, நிஜமான வழி. பக்கத்து லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கும் ஒரு தம்பதி இலை எடுத்து, களை பார்த்து, வருகிற பணத்தில் பாதி எடுத்துக்கொள்வார்கள். உரச் செலவு ஆளுக்குப் பாதி. எங்கள் வருமானம் குறையும், ஆனால் அந்தக் குறைந்த பணம் நிஜமான பணம், அம்மாவின் முழங்காலிலிருந்து வராத பணம். ஆபத்து ஒன்றுதான்: வாரத்துக்கு எடுத்தவர் அவசரத்தில் எப்போதும் கத்தரி வைப்பார், கவாத்தைத் தள்ளிப்போடுவார். வருடத்துக்கு இத்தனை ரவுண்டு கையால் எடுக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் சமாளிக்கலாம்.

சும்மா விட்டால் காடாகிவிடுமா?

ஆகாது. இதை நிறைய பேர் தவறாக நினைக்கிறார்கள். கவாத்துச் செய்யாத தேயிலை மரமாக எழும், நடுவில் உண்ணிச்செடி அடைக்கும், சீகை (வாட்டில்) மரம் முளைக்கும். இரண்டு வருடத்தில் அது பன்றிக்கும் கரடிக்கும் பதுங்கிடம். கோத்தகிரி ஊர்களுக்குள் கரடி வந்துபோவது புதிதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் தடம் எங்கள் மேல் பாத்தி ஓரமாகப் போகிறது. ஆகவே விடுவதற்கும் உழைப்பு வேண்டும். உண்ணிச்செடியை வருடத்துக்கு இரண்டு தடவை வெட்ட வேண்டும், தடத்தை ஒட்டிப் பத்தடி துப்புரவாக வைக்க வேண்டும், சில்வர் ஓக்கை நிற்க விட்டு நடுவில் நாவல், காட்டுப்பூவரசு போன்ற சோலை மரங்களை நட வேண்டும். தேயிலை வேரைப் பிடுங்கக் கூடாது, மரம் வேர் பிடிக்கும்வரை சரிவைத் தாங்க அது இருக்கட்டும். செலவு உண்டு, வரவு இல்லை. ஆனால் ஐந்தாறு வருடத்தில் இந்தச் செலவு குறையும், பட்டுப்போன தேயிலைக்குப் போடும் உரச் செலவு குறையவே குறையாது.

அன்று சாயங்காலம் முடிவானது இது. சரிவு குறைவாக இருக்கும் கீழ்ப் பாத்தி முக்கால் ஏக்கர் வாரத்துக்கு. மூன்று வருடம் பார்ப்பது, அம்மாவின் கை படாமல் அது தன் செலவைத் தானே தாங்கவில்லை என்றால் அதையும் விடுவது. தேதியைக் காலண்டரில் இல்லாமல் நோட்டின் முதல் பக்கத்தில் அண்ணன் எழுதினார். செங்குத்தான மேல் பாத்தியை இப்போதே விடுவது.

அம்மா மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஊரு என்ன சொல்லும்னு நா நெனைக்கல தம்பி. காலைல எந்திரிச்சு கூடைய எடுத்துக்கிட்டு எங்க போறது, அதான் தெரியல."

அதனால் மேல் பாத்தியில் வீட்டை ஒட்டிய பன்னிரண்டு வரிசையை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. எடைக்குப் போடுவதற்கும் இல்லை. அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எடுக்கலாம், இரண்டு இலை ஒரு மொட்டாக, வீட்டுக்கு வாணலியில் வறுத்துக்கொள்ள. நாற்று எடுக்க அண்ணன் அடுத்த வாரம் நர்சரிக்குப் போகிறார். மீதி மேல் பாத்தியில் கடைசி ரவுண்டு மாசியில். அதற்குக் கத்தரி வேண்டாம், தானே கையால் எடுப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார். நானும் அண்ணனும் லீவு போட்டிருக்கிறோம்.